பெயரை மாற்றினேன், எல்லையை மாற்றவில்லை

கதையில் வரும் எல்லாருடைய பெயரையும் மாற்றியிருந்தேன். ஊர்ப் பெயரை எழுதவே இல்லை. சாகப்போகும் கிழவிக்கு, என் அம்மா ஒருநாளும் போட்டிராத மூக்குத்தி ஒன்றைப் போட்டுவிட்டேன். தோட்டம் வைத்திருக்கும் அண்ணனை லாரி டிரைவராக்கினேன். இவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்தவன் வீட்டின் நான்கு எல்லைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாக எழுதிவிட்டது.

தேனியில் பத்திரம் எழுதுவது என் தொழில். இருபத்தாறு வருடமாகிறது. வீடோ மனையோ தோட்டமோ, விற்கிறவரும் வாங்குகிறவரும் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது நான்கு எல்லையைத்தான். இன்னார் தோட்டத்துக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும், அளவு அரையடி கூடினாலும் குறைந்தாலும், எல்லை சரியாக இருந்தால் பத்திரம் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத, உழுது பிழைக்கிற சம்சாரிக்கும் எங்கள் பக்கம் இது தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஏதோ நான் கண்டுபிடித்த உண்மை மாதிரி.

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களை வாங்கிக் குவிப்பேன். எழுத்தாளர்கள் தாங்கள் எழுதிய விதத்தைப் பற்றி எழுதிய புத்தகங்கள் என்றால் விலையைக்கூடப் பார்க்க மாட்டேன். ஒருவர் விடியுமுன் எழுந்தால்தான் எழுத்து வரும் என்கிறார். இன்னொருவர் நின்றுகொண்டு எழுதினாராம். மூன்றாமவர் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். நின்று எழுதியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆபீஸில் மாதிரிப் பத்திரங்கள் அடுக்கியிருக்கும் அலமாரியின் பின்வரிசை முழுக்க இந்தப் புத்தகங்கள்தான். சிவப்பு மையால் அடிக்கோடு போடாத பக்கம் கிடையாது. எழுதி முடித்த கதை மட்டும் ஒன்றும் கிடையாது. என் மனைவி பழனிசெட்டிபட்டி வீட்டு வாசலில் நின்று ஒருநாள் கேட்டாள்.

"நீச்சலப் பத்தியே இம்புட்டுப் புத்தகம் படிச்சீகளே, எப்ப வாய்க்கால்ல எறங்குவீக?"

கோபம் வந்தது.

பிறந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. கே.கே.பட்டி என்றால்தான் கண்டக்டருக்குப் புரியும். அங்கே எங்கள் வீட்டில் அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள், அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார். கடைசி நான்கு வருடம் அம்மா படுக்கையில். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் மதினிதான். திராட்சை வெட்டுக்குப் போகிற நாளிலும் பத்து மணிக்கு ஒருதரம் பந்தலுக்கடியிலிருந்து குனிந்தபடியே வெளியே வந்து, வீட்டுக்கு ஓடி அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி ஓடுவார். நான் ஞாயிற்றுக்கிழமை மகன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அம்மா இறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஒரு ஞாயிறு நான் போகவில்லை. தேனியில் ஒரு மண்டபத்தில் சிறுகதைப் பட்டறை நடந்தது, அதில் இருந்தேன். போன் சைலண்ட்டில் இருந்தது, பார்க்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். மதினி என்னைத் தனியே கூப்பிட்டு, "காலையிலருந்தே நெனவில்ல கொழுந்தனாரே. நீங்க வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. நிம்மதியாப் போயிட்டாக" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு புத்தகம் வாங்கினேன். எதை எழுதப் பயமாக இருக்கிறதோ அதை எழுது என்று சொல்லும் புத்தகம். அம்மாவின் கடைசி நாளை எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதியில் மருமகள் நல்லவளாக இருந்தாள், தண்ணீர் கொடுத்தாள், கிழவி குடித்துவிட்டுச் செத்துப்போனாள். படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. புத்தகத்தைப் புரட்டினேன். ஒருவர் ஒன்றை ஆசைப்பட வேண்டும், இன்னொருவர் அதைத் தடுக்க வேண்டும், அப்போதுதான் கதை என்று அதில் ஓர் அத்தியாயம். சரி, கிழவி தண்ணீருக்கு ஆசைப்படட்டும். யார் தடுப்பது? வீட்டில் இருப்பது மருமகள்தான்.

அப்படித்தான் அந்த வரி வந்தது. கிழவி வாயைத் திறந்து காட்டுகிறாள். மருமகள் விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளரைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறாள். எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. இதுதான் எழுத்து என்று நினைத்தேன். சொந்தக்காரர்களைப் பார்த்துத் தயங்குகிறவன் எழுத்தாளனே இல்லை என்ற பொருளில் ஒரு பெரிய எழுத்தாளர் தன் அனுபவத்தைச் சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

இடத்தைத் துல்லியமாகக் காட்டு என்றது இன்னொரு புத்தகம். இதற்கெல்லாம் எனக்குப் புத்தகம் வேண்டுமா? எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நானே எழுதியதுதானே. வாய்க்காலுக்கு வடக்கே, சிமெண்ட் ரோட்டுக்குக் கிழக்கே, பழைய மாவு மில்லின் சுவருக்குத் தெற்கே, திராட்சைப் பந்தலுக்கு மேற்கே அந்த வீடு இருந்தது. கதையின் முதல் வரி அதுதான்.

ஒரு சிற்றிதழில் வந்தது. பத்துப் பிரதி வாங்கி ஆபீஸ் மேஜையில் அடுக்கினேன். கம்பம் பள்ளத்தாக்கில் எவர் சிற்றிதழ் படிக்கப்போகிறார் என்ற தைரியம் ஒரு பக்கம், ஒருத்தரும் படிக்க மாட்டார்களே என்ற வருத்தம் மறுபக்கம்.

அது வந்த மூன்றாவது வாரம் ஊருக்குப் போனேன். கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி, ஊர் ஸ்டாப்பில் இறங்கியதும் டீக்கடை. அங்கே ஒரு திராட்சை வியாபாரி உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருக்கு இரண்டு கிரையப் பத்திரம் எழுதியிருக்கிறேன்.

"வாங்க பத்திரக்காரரே, இங்கன உக்காருங்க. படிச்சேன்யா ஒங்க கதைய. மனசே கேக்கல" என்றார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் இதழைப் பார்த்துவிட்டு, என் பெயரைக் கண்ட சந்தோஷத்தில் ஆறு பக்கத்தையும் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். நான் அந்தக் குரூப்பில் இல்லை. அண்ணன் இன்னும் பட்டன் போன்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் முதல் வாசகர், அதுவும் சொந்த ஊரில்! எந்த இடம் பிடித்தது என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"எடமா? அவுக டம்ளரத் தரையில வச்சுட்டுப் போனாகல்ல, அந்த எடந்தான். ஏய்யா, இத்தன வருசம் அவுகளத் தங்கமான பொம்பளன்னுல்ல நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம்!"

"யாரை?"

"ஒங்க மதினியத்தான்."

வாங்கிய டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

"அண்ணே, அது கதை. நானாக் கட்டி எழுதினது."

"கதைன்னா எல்லை எப்புடிச் சரியா இருக்கும்? வாய்க்காலுக்கு வடக்க, ரோட்டுக்குக் கெழக்க, மில்லுக்குத் தெக்க, பந்தலுக்கு மேக்க. நான் அங்கன போயே நின்னு பாத்தேன். ஒரு முழம் தப்பல."

"பேரெல்லாம் வேற பேருண்ணே. எங்கண்ணன் லாரியா ஓட்டுறாரு?"

"பேரு தப்புனா என்ன? எல்லை சரியா இருந்தா பத்திரம் நிக்கும்னு எனக்குச் சொன்னதே நீங்கதான?"

நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்கிறார். அவர் முகத்தில் கேலி இல்லை. என்மேல் நிஜமான மரியாதை இருந்தது. பெற்ற தாய்க்காக உள்ளதை உள்ளபடி எழுதிவிட்ட மகன் என்று நினைத்துப் பார்க்கிறார். அந்த மரியாதையைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. வெட்டு நடக்கிற சமயம். பந்தலுக்கடியில் பெண்கள் கத்தரிக்கோலும் கூடையுமாக நின்றிருந்தார்கள். மதினி அங்கே இல்லை. வீட்டுக்குள் முறத்தில் உளுந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லாமல் இருந்ததில்லை, அன்றும் "வாங்க" என்றார். அண்ணன் வெளியே மோட்டார் ரூம் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"ஏலே, என்ன எழுதித் தொலைச்ச நீ?"

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கடைசி மூச்சில் கிடந்தால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு சொட்டுப் பால் விடுவார்கள். அம்மாவை அவ்வளவு நன்றாகப் பார்த்தவர் என்பதால் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் யார் அப்படிக் கிடந்தாலும் மதினியைக் கூப்பிட்டு விடுவார்கள். முதல் சொட்டு அவர் கையால்தான். போன வாரம் அடுத்த தெருவில் பெரியம்மா முறை ஆகும் ஒருவர் அப்படிக் கிடந்திருக்கிறார். மதினி பாலைக் காய்ச்சி ஆற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கட்டிலைச் சுற்றி முப்பது பேர்.

"அந்த வீட்டு மக எந்திரிச்சு வந்து ஒங்க மதினி கையிலருந்த டம்ளர வாங்கி, தரையில வச்சுட்டு, 'நீங்க ஊத்த வேணாம்மா'ன்னுட்டா. யாரும் ஒரு வார்த்த பேசல. வந்து ரெண்டு நாளு இவ சாப்பிடல. தோட்டத்துக்கும் போறதில்ல. அங்கன எவளோ 'தண்ணி கேட்டா குடுப்பியா'ன்னு கேட்டுச் சிரிச்சாளாம்."

நான் எழுதிய வரி ஆறு பக்கத்தை விட்டு எழுந்து போய் அந்த வீட்டில் நடந்திருக்கிறது. டம்ளர், தரை எல்லாம் அப்படியே. அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே போய் மதினி முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"மதினி, அது நீங்க இல்ல. கதைக்காக..."

"நான் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பக்கத்து வீட்டுப் போன்ல ரெண்டு தடவ படிச்சேன். டம்ளரு மட்டும் நம்ம டம்ளரு."

"அந்தப் பத்திரிகைக்கே எழுதிப் போடுறேன். நீங்கதான் அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தண்ணி குடுத்தீகன்னு..."

"எதுக்குத் தண்ணி தண்ணிங்கிறீக? அத்தை தண்ணியே கேக்கல."

அவர் முறத்தைத் தள்ளி வைத்தார். குரலில் கோபம் இல்லை. என்னிடம் இதைச் சொல்லலாமா என்று மூன்று வருடம் யோசித்து, இனி சொன்னால்தான் என்ன என்று முடிவெடுத்தவர் போல இருந்தார்.

"அன்னைக்கு நெனவு இல்லைன்னு ஒங்ககிட்டச் சொன்னேன்ல, அது பொய்யி. நல்லா நெனவு இருந்துச்சு. ஞாயித்துக்கெழமன்னு தெரிஞ்சிருந்துச்சு. 'சின்னவன் எங்க, சின்னவன் எங்க'ன்னு அதே கேள்விதான். ஒங்களுக்குப் போனப் போட்டேன், எடுக்கல. மறுபடி மறுபடி போட்டேன். அப்பறம் நானா, 'பஸ் ஏறியாச்சு அத்தை, வந்துக்கிட்டிருக்காக'ன்னேன். எந்த ஊரு வந்திருக்கான்னாக. வீரபாண்டின்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு கண்ணத் தொறந்தாக. சின்னமனூரு வந்தாச்சுன்னேன். அங்கன பஸ் ரொம்ப நேரம் நிக்கும்லன்னாக. ஆமாத்தை, டிரைவரு டீ குடிக்கப் போயிருக்காராம், நீங்க ஆரஞ்சு வாங்கிட்டு சன்னலோரமா உக்காந்திருக்கீகளாம்னு சொன்னேன். மூஞ்சி சிரிச்ச மாரி இருந்துச்சு. அப்பறம் உத்தமபாளையம். அனுமந்தன்பட்டி. புதுப்பட்டி."

அங்கே நிறுத்தினார்.

"கம்பம் வந்தாச்சு, எறங்கி டவுன் பஸ் மாறுறாகன்னு சொன்னேன். கேட்டாகளா, அதுக்கு முன்னயே போயிட்டாகளான்னு தெரியல."

எனக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சியில் அழுகைகூட வராது என்று அன்றுதான் தெரிந்தது. காதில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன் நான். கேட்கிறவரைக் கடைசி மூச்சு வரை பிடித்து வைத்திருந்த கதையைச் சொன்னவர் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. அந்தக் கதையில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. அவரைத்தான் நான் டம்ளரைத் தரையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எழுந்து நேரே டீக்கடைக்குப் போனேன். வியாபாரி அங்கேயேதான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வீரபாண்டி, சின்னமனூர் என்று ஒவ்வொரு ஊராகச் சொன்னேன். கடையில் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரி என் தோளில் கை வைத்தார்.

"குடும்பம்னா விட்டுக்குடுக்கத்தான் வேணும். அண்ணன் சத்தம் போட்டாரா? பரவால்ல, நீங்க இப்புடிச் சொல்றதும் நல்லாத்தான் இருக்கு, கதை மாரி. ஆனா எழுதுனது எழுதுனதுதானய்யா."

கட்டி எழுதியதை நம்பினார்கள். நடந்ததைச் சொன்னால் கதை என்கிறார்கள். கத்தினேன், வயதில் மூத்தவர் என்றும் பாராமல் அவரை ஏதேதோ சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

கிளம்புமுன் மதினியிடம், நடந்ததை அப்படியே எழுதப்போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். போன் எடுக்காத மகன் என்று ஊர் என்னைப் பேசும், ஒரு வீட்டில் ஒருவர் பேச்சு வாங்கினால் போதாதா என்றார். எழுதாமல் இருக்க முடியாது என்றேன். பிறகு, "எழுதத்தான் செய்வீகன்னா ஒண்ண மட்டும் எழுதுங்க. நான் டம்ளரக் கீழ வைக்கல" என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

பத்திரத்தில் தப்பு வந்துவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று எழுதுவோம். முதல் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவரேதான் இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு யார் கையெழுத்தும் செல்லாது. எங்கே என்ன தப்பு, எது சரி என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லையை மறுபடி எழுத வேண்டும். அப்படித்தான் இதை எழுதுகிறேன், ஊர் குரூப்பில் யாராவது படம் எடுத்துப் போடட்டும்.

காமயகவுண்டன்பட்டியில் வாய்க்காலுக்கு வடக்கு, சிமெண்ட் ரோட்டுக்குக் கிழக்கு, பழைய மாவு மில் சுவருக்குத் தெற்கு, திராட்சைப் பந்தலுக்கு மேற்கு. இதற்கு மத்தியில் உள்ள வீட்டில் என் அம்மா இறந்தார். அவரை நான்கு வருடம் பார்த்துக்கொண்டவர் என் மதினி. அவர் டம்ளரைத் தரையில் வைக்கவில்லை. அம்மா தண்ணீர் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

இன்னொரு பிழையையும் திருத்த வேண்டும். இது மதினிக்கும் தெரியாது. பட்டறையில் பதினோரு மணிக்கு டீ இடைவேளை விட்டார்கள். போனை எடுத்துப் பார்த்தேன். மூன்று மிஸ்டு கால், மூன்றும் மதினியிடமிருந்து. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருந்தது. அடுத்த வகுப்பு ஒரு கதையை எப்படி முடிப்பது என்பதைப் பற்றி. அதைக் கேட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.